முப்பத்தோராம் வட்டம்

விர்வே யோயென்சூ நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வண்டியோட்டி வந்தது ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத்தான். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பென்த்தி 'ம்', 'இல்ல' என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டார் என்பது பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவளுக்குத் தெரியும்.

பென்த்தி வீட்டுச் சமையலறை மேஜையில் காப்பிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் முப்பத்துநான்கு புள்ளிகள். முப்பத்துமூன்று ஒரு கோட்டை ஒட்டி எறும்புச்சாரியாக மேலே ஏறிப் போயின. ஒன்று மட்டும் கூட்டத்தோடு சேராமல் கீழே கிடந்தது.

"இது முப்பத்தொண்ணு. இதுக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு?"

பென்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அளவு தப்பா இருக்குங்கிறியா?"

"நீங்க அளந்ததுல எனக்கு இதுவரைக்கும் தப்பு வந்ததில்ல. அதான் வண்டி எடுத்துட்டு வந்தேன்."

ஒவ்வொரு புள்ளியும் காட்டுக்குள் பத்து மீட்டர் ஆரத்தில் வளைத்துவைத்த ஒரு வட்டம். அதற்குள் நிற்கும் மரம் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. நெஞ்சு உயரத்தில் சிவப்புப் பெயின்ட் வளையம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பென்த்தி போய் ஒவ்வொரு மரத்தின் பருமனையும் உயரத்தையும் அளந்துவருவார். இருபத்தேழு வயதில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் மரம் வெட்டினார். முதுகு போன பிறகுதான் வன ஆய்வுநிலையம் ரம்பத்தை வாங்கிக்கொண்டு அளவுகோலைக் கையில் கொடுத்தது. இப்போது அறுபத்திரண்டு. இந்த இலையுதிர்காலத்துச் சுற்று முடிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

அவர் கொண்டுவரும் எண்களை வைத்து அதே நிலையத்தில் விர்வே கணக்குப் போடுவாள். ஸ்புரூஸும் பைனும் பிர்ச்சும் கலந்து நிற்கும் காடு பத்து வருஷத்தில் எவ்வளவு பருக்கும், ஐம்பது வருஷத்தில் எத்தனை கன மீட்டர் மரம் தரும் என்று அந்தக் கணக்கு சொல்லும். பழைய கணக்கை வைத்துத்தான் ஊரில் சொந்தக் காடு வைத்திருக்கும் எல்லாருடைய காட்டுத் திட்டமும் எழுதப்பட்டிருந்தது. புதியதை வருகிற வியாழக்கிழமை மாவட்டக் கூட்டத்தில் வைக்கப் போகிறாள். அடுத்த பத்து வருஷம் இந்த மாவட்டத்தில் எவ்வளவு வெட்டலாம் என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

"என்ன சொல்லுது உன் புதுக் கணக்கு?" என்றார்.

"கலப்புக் காடு, தனி ஸ்புரூஸ் காட்டைவிட ஆறுல ஒரு பங்கு அதிகமா வளருதுன்னு சொல்லுது. ஸ்புரூஸும் பிர்ச்சும் ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் பண்ணாம வெளிச்சத்தைப் பங்கு போட்டுக்குது. எனக்கே ஆச்சரியமா இருக்கு. இந்த முப்பத்தொண்ணு மட்டும் ஒத்துக்கமாட்டேங்குது."

"போய்ப் பாத்துடலாம்" என்று பென்த்தி பூட்ஸைத் தேடினார்.

---

முப்பத்தோராம் வட்டம் ஏரிக்கு மேலே சரிவில் இருந்தது. வண்டியை மண்சாலையில் நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டர் நடந்தார்கள். பிர்ச் இலைகள் மஞ்சளாகிப் பாதி விழுந்திருந்தன.

வட்டத்தைத் தேட வேண்டியதே இல்லை. நடுவிலேயே இயந்திரம் போன தடம் ஓடியது. நாலு மீட்டர் அகலம். இரண்டு பள்ளங்களிலும் தண்ணீர் தேங்கி, அதன்மேல் பாசி மெத்தை மாதிரி மூடியிருந்தது. தடத்தை ஒட்டி நின்ற பதினாலாம் எண் ஸ்புரூஸின் அடிப்பட்டை ஒரு முழத்துக்கு உரிந்து, பிசின் வழிந்து காய்ந்து கிடந்தது. அடித்தண்டைப் பென்த்தி கோடரியின் பின்புறத்தால் தட்டினார். சத்தம் பொத்தென்று வந்தது. உள்ளே அழுகல்.

இருபத்திரண்டு மரம். தண்டின் பருமனை அளக்கும் காலிப்பரை இரண்டு வாக்கில் வைத்து அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஆகஸ்டில் அளந்ததற்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்றாள் விர்வே. "அப்போ காடுதான் தப்பு பண்ணியிருக்கு."

"காட்டை வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கோ."

அவள் சிரித்தாள். ஒரு அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்து பையிலிருந்து கெட்டியான கறுப்பு ரை ரொட்டியை எடுத்துப் பிட்டு அவருக்கும் நீட்டினாள்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு, பென்த்தி. தொண்ணூத்தேழுல இங்க இடைவெட்டு நடந்திருக்கு. நெருக்கத்தைக் குறைக்க வந்தவன் யாரோ விவரம் தெரியாத டிரைவர். வட்டத்துக்குள்ளயே வண்டியை விட்டுட்டான். வேரெல்லாம் நசுங்கிப்போச்சு, தடத்துக்குன்னு எட்டு பத்து மரம் கூடுதலாப் போச்சு. இது விதிவிலக்கு. 'இயந்திரத்தால் கெட்டது'ன்னு ஒரு வரி எழுதி எடுத்துட்டேன்னா கணக்கு சுத்தமாயிடும். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். களத்துல இருந்தவர் நீங்க."

பென்த்தி ரொட்டியை மென்றார். ரை ரொட்டியில் அது ஒரு சௌகரியம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மெல்லலாம்.

தொண்ணூற்றேழில் அந்த டிரைவர் வந்த வாரம் அவர் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டு வாசல் பனியில் வழுக்கி விழுந்தது. இல்லாவிட்டால் மற்ற முப்பத்துமூன்று வட்டத்துக்கும் போனதுபோல இதற்கும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றிருப்பார்.

அது ஆரம்பித்தது தொண்ணூறில். நாலாம் வட்டத்தில் இடைவெட்டு நடந்து முடிந்து அவர் போய்ப் பார்த்தபோது, எண் தகடுகள் பிய்ந்து, பெயின்ட் வளையங்கள் பட்டையோடு உரிந்து, எது ஏழாம் மரம், எது பதினேழாம் மரம் என்று தெரியாமல் கிடந்தது. ஈரப்பனியில் இரண்டு நாள் மண்டியிட்டுத் தேடினார். அப்படியும் ஆறு மரம் கணக்கில் சேரவில்லை. அப்போதிருந்த மேலதிகாரி எல்லார் முன்னாலும், "மரத்தைத் தொலைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு எந்த வட்டத்துப் பக்கம் இயந்திரம் வருகிறது என்று கேள்விப்பட்டாலும் பென்த்தி ஒரு பிளாஸ்க் காப்பியும் வீட்டில் சுட்ட இனிப்பு ரொட்டியும் எடுத்துக்கொண்டு முன்னாலேயே போய்விடுவார். டிரைவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, சிவப்பு வளையம் போட்ட மரங்களைக் காட்டி, "தடத்தை இதைச் சுத்திப் போட்டுக்கோப்பா" என்பார். எடுக்க வேண்டிய மரத்தை எடுக்கட்டும், அதை வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை. தடம் மட்டும் உள்ளே வரவேண்டாம். டிரைவர்களுக்கு அதில் என்ன கஷ்டம்? ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் ஆயிற்று.

மற்ற இடத்தில் இருபது மீட்டருக்கு ஒரு தடம் போகும். காட்டில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் தடமாகவே போய்விடும். அவருடைய வட்டங்களில் மட்டும் தடம் கிடையாது.

முப்பத்தோராம் வட்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஊரில் உள்ள காடெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. கோளாறு மற்ற முப்பத்துமூன்றில். அவள் திரையைக் காட்டியபோதே அவருக்கு அது தெரிந்துவிட்டது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"ஆமாங்கிறதுக்கு என்ன யோசனை?"

"எனக்கு எல்லாத்துக்கும் மெதுவாத்தான் வரும்."

விர்வே ஒருமாதிரி பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள். "திங்கட்கிழமை வரைக்கும் சத்திரத்துலதான் இருப்பேன். இன்னும் ரெண்டு மூணு வட்டம் பாக்கணும். அதுக்குள்ள சொல்லுங்க."

---

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கலேவி வீட்டுச் சானாவில் நீராவிக் குளியல். நாற்பது வருஷமாக அப்படித்தான். கலேவி இந்தப் பகுதியில் முதல்முதலாக வெட்டு இயந்திரம் ஓட்டியவர். பென்த்தியின் காப்பியை மற்றவர்களைவிட அதிகமாகக் குடித்தவரும் அவர்தான். இரண்டு பேரும் மேல் பலகையில் உட்கார்ந்து, சிவந்த முதுகோடு வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, மூஞ்சி கல்லு மாதிரி இருக்கு" என்றார் கலேவி.

"முப்பத்தொண்ணாம் வட்டம்."

"அதுக்கென்ன?"

"அதை எடுத்துடலாமாங்கிறா. எடுத்தா மத்ததெல்லாம் சுத்தமா வருதாம்."

கலேவி ஒரு அகப்பை தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். ஆவி காதைச் சுட்டது. "மத்ததுல நாங்க சுத்திப் போனோம்னு அவகிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"முப்பது வருஷமா?"

"யாரும் கேக்கல."

"நல்ல ஆளுடா. உன் வட்டத்தையெல்லாம் நான் கல்லறைத் தோட்டம் மாதிரி தள்ளி நின்னே ஓட்டினேன். சில இடத்துல தொப்பியைக் கூடக் கழட்டினேன்னு நினைக்கிறேன்."

பென்த்தி சிரிக்கவில்லை. கலேவி இன்னொரு அகப்பை ஊற்றினார். பிறகு வேறு எதையோ சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"யுர்கி இந்தப் பக்கம் வந்து ஏழெட்டு மாசமாச்சு தெரியுமா?"

யுர்கி கலேவியின் மருமகன். அவனும் வெட்டு இயந்திரம் ஓட்டுகிறவன். பிப்ரவரியில் கலேவியின் சொந்தக் காட்டை, ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள அஞ்சு ஹெக்டேரை, அவன்தான் வெட்டினான். அதில் ஏதோ மனஸ்தாபம் என்று மட்டும் பென்த்தி கேள்விப்பட்டிருந்தார்.

"காட்டுத் திட்டத்துல ஹெக்டேருக்கு இருநூத்து நாப்பது கன மீட்டர்னு போட்டிருந்துச்சு. இவன் வெட்டி முடிச்சுக் கொண்டுவந்து காட்டினது நூத்துத் தொண்ணூத்தஞ்சு. அஞ்சு ஹெக்டேர்ல எவ்வளவு மரம் காணாமப் போகும் பாரு. நான் சொன்னேன், உன் வண்டியில மரத்தை அளக்கிற தலை கெட்டுப்போச்சு, இல்லன்னா உன் தலை கெட்டுப்போச்சுன்னு. அவன் எதிர்லயே காலிப்பரை வெச்சு அளந்து காட்டினான், வண்டி சொன்னதும் கையில அளந்ததும் ஒண்ணாத்தான் வந்துச்சு. அப்பவும் நான் விடல. மரத்தை எங்க கொண்டுபோய்ப் போட்டன்னு கேட்டுட்டேன்."

"திருட்டுப் பட்டம் கட்டினியா?"

"அப்படிச் சொல்லல." கலேவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுமாதிரி ஒண்ணு சொன்னேன்."

பென்த்தி மனசுக்குள் போட்டுப் பார்த்தார். இருநூற்று நாற்பதில் ஐந்தில் ஒரு பங்கு நாற்பத்தெட்டு. கழித்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அந்தத் திட்டம் பழைய கணக்கை வைத்து எழுதியது. பழைய கணக்கு அவருடைய வட்டங்களை வைத்து எழுதியது. கலேவியின் காட்டில் காணாமல்போன மரம் எந்தக் காலத்திலும் அங்கே நின்றதில்லை. காகிதத்தில்தான் நின்றது.

"கலேவி," என்றார். "யுர்கி சரியாத்தான் அளந்திருக்கான்."

எப்படி என்று சொன்னார். மெதுவாக, ஒவ்வொன்றாக. சொல்லி முடிக்கும்போது அடுப்பில் விறகு சரிந்து விழுந்த சத்தம் கேட்டது.

கலேவி கீழ்ப் பலகைக்கு இறங்கி உட்கார்ந்தார்.

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன ஆகும்?"

"புதுக் கணக்கும் இதே மாதிரி வரும். மாவட்டம் பூரா உன் காடு மாதிரி ஆகும். இல்லாத மரத்தை நம்பி இருக்கிற மரத்தை வெட்டுவாங்க."

"சொன்னா?"

"முப்பத்தஞ்சு வருஷம் நான் அளந்தது குப்பைக்குப் போகும்."

"போகட்டும்டா. அதுல என்ன. எனக்குல்ல கஷ்டம், யுர்கிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்." கலேவி எழுந்து கதவைத் திறந்தார். குளிர்ந்த காற்று வந்தது. "உனக்குச் சுலபம். மரத்துகிட்டதான் கேக்கணும்."

---

திங்கட்கிழமை காலையில் பென்த்தி விர்வேயைப் பன்னிரண்டாம் வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வட்டங்களிலேயே அழகானது அது. ஸ்புரூஸ் நேராக எழுந்து நின்றது, நடுநடுவே பிர்ச் வெள்ளையாக. திரையில் இதன் புள்ளிதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

"இதுமாதிரி ஒரு காடு" என்றாள் விர்வே, அண்ணாந்து பார்த்துக்கொண்டே. "வியாழக்கிழமை முதல் படமா இதைத்தான் போடப்போறேன்."

"இப்படி வா."

நடுக்குச்சியிலிருந்து பதினைந்து தப்படி நடந்து நின்றார். அங்கே தடம் இருந்தது. மேற்கேயிருந்து நேராக வந்து, வட்டத்தின் பக்கம் வந்ததும் பாறையைக் கண்ட ஆறு மாதிரி வளைந்து, சுற்றிக்கொண்டு போய் மறுபடி நேரானது.

விர்வே வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடந்தாள். திரும்பி வந்தாள்.

"ஏன் வளைஞ்சிருக்கு?"

"நான்தான் வளைக்கச் சொன்னேன்."

அவரே தொடர்ந்தார். நாலாம் வட்டம், தொலைந்த ஆறு மரம், காப்பி, இனிப்பு ரொட்டி. எதையும் மிச்சம் வைக்கவில்லை. தன் பக்கம் நியாயம் என்றும் சொல்லவில்லை.

"எத்தனை வட்டத்துல?"

"முப்பத்துமூணு. முப்பத்தொண்ணுக்கு வண்டி வந்தப்போ நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

விர்வே பையை இறக்கி மடிக்கணினியை முழங்காலில் வைத்துத் திறந்தாள். கோபத்தில் திட்டப் போகிறாள் என்று பென்த்தி காத்திருந்தார். அவள் விமானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்தாள். காட்டின் மேல் தடங்கள் சீப்பால் வாரினதுபோல வரிவரியாக ஓடின. வட்டங்கள் இருந்த இடத்துக்கு ஒவ்வொன்றாகப் போனாள். நாலாம் வட்டத்தில் தடம் குறுக்கே போனது. அஞ்சில் வளைவு. ஆறில் வளைவு. பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தாறு, எல்லாவற்றிலும் வரி விலகிப் போய், நடுவில் ஒரு சின்னத் தீவு.

"நாலு நேரா இருக்கே" என்றாள்.

பென்த்தி குனிந்து பார்த்தார். "ஆமா. அது முதல்ல நடந்தது. அப்புறம்தான் காப்பி. முப்பத்திரண்டுன்னு எழுது."

"எழுதிக்கிறேன்." அவள் குரல் தட்டையாக இருந்தது. "அப்போ நாலாம் புள்ளி ஏன் மேல இருக்கு?"

"அந்த ஆறு மரத்தைச் செத்ததுன்னு எழுத மேலதிகாரி விடல. உயிரோட இருக்குன்னு வெச்சுப் பழைய அளவை நீட்டிப் போடச் சொன்னார். போட்டேன்."

விர்வே கண்ணை மூடித் திறந்தாள். "இந்தப் படம் என்கிட்ட நாலு வருஷமா இருக்கு. நாலு வருஷமா ஒவ்வொரு வட்டத்துலயும் உள்ள மரத்தை மட்டும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு தடவை வெளிய தள்ளி நின்னு பாக்கணும்னு தோணல."

"உன்னைக் குத்தம் சொல்ல வரல நான்."

"நீங்க சொல்ல வேண்டாம்." அவள் எழுந்துகொண்டாள். "மேற்குப் பக்கம் தனி ஸ்புரூஸ் வட்டங்களை அளந்தது யாரு?"

"ஒலாவி. செத்துப்போயிட்டான்."

"அவரும் டிரைவர்கிட்ட சொல்லி வெச்சாரா?"

"ஒலாவியா? அவன் பொண்டாட்டிகிட்டயே பேசமாட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததோ அழுகை வந்ததோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்போ அங்க தடம் உள்ள போகுது, இங்க போகல. நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கலப்புக் காடு அதிகமா வளருதுன்னு சொல்லிட்டேன். அந்த ஆறுல ஒரு பங்கு பிர்ச் கொடுத்ததா, நீங்க கொடுத்ததா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. வியாழக்கிழமை போய் இதைச் சொல்லவா?"

அவள் கொஞ்ச தூரம் தள்ளிப் போய், வளைவின் நடுவில் நின்றுகொண்டு போன் பேசினாள். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. "இல்ல, தள்ளி வைக்கச் சொல்லல. என் பகுதியை எடுத்துடுங்கன்னு சொல்றேன்... ஆமா, முழுசா... கோளாறு கணக்குல இல்ல, கணக்குக்குள்ள போனதுல... வசந்தத்துக்கு முன்னாடி முடியாது." பிறகு ரொம்ப நேரம் அந்தப் பக்கம் இருந்தவர் பேச, இவள் பூட்ஸ் முனையால் பாசியைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

திரும்பி வந்தபோது அவள் காது சிவந்திருந்தது.

"எல்லாத்தையும் தூக்கிப் போடப் போறீங்களா?" என்று கேட்டார். எப்போதும் 'நீ' என்பவர், அந்த ஒரு தடவை மரியாதை தானாக வந்துவிட்டது.

"தூக்கிப் போட்டா என்கிட்ட என்ன மிச்சம்?" என்றாள். "ஒவ்வொரு வட்டத்துக்கும் வெளிய இன்னொண்ணு போடணும். அதே காடு, அதே மண்ணு, ஆனா டிரைவர்கிட்ட யாரும் பேசாத இடம். அதுல நிக்கிற மரத்தைத் துளை போட்டு வளையத்தை எண்ணினா, பழைய வருஷங்கள்ல எவ்வளவு வளந்துச்சுன்னு தெரிஞ்சுடும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க காப்பியோட விலை. அதைக் கழிச்சுட்டா நீங்க அளந்தது செல்லும். ஆனா வெட்டின மரத்தோட கணக்கு வேணும். அடிக்கட்டை இருந்தாத்தான் அது வரும். முப்பது வருஷத்துக்கு முந்தின பிர்ச் அடிக்கட்டையை எங்க போய்த் தேடறது? மக்கி மண்ணாயிருக்கும்."

"மரம் மக்கும். பட்டை மக்காது." பென்த்தி தடத்தின் ஓரத்தில் குனிந்து பாசிக்குள் கையை விட்டு, சுருண்ட வெள்ளைப் பட்டை ஒன்றை, உள்ளே ஒன்றுமில்லாத குழாயாக, இழுத்து எடுத்தார். "இதோ பதினெட்டு சென்டிமீட்டர். காலால தடவினாலே தட்டுப்படும்."

விர்வே அதை வாங்கி விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். "எத்தனை நாள் ஆகும்?"

"பனி விழறதுக்குள்ள பாதி. மீதி அடுத்த வசந்தத்துல."

"உங்களுக்கு இந்த மாசக் கடைசியோட முடியுதே."

"யாரு சொன்னா?"

அவள் பட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அறிக்கையில காரணம் எழுதணும். 'களப்பணியாளரின் வேண்டுகோளால் இயந்திரம் விலகிச் சென்றது'ன்னு போடறேன். பேர் வேண்டாம்."

"களப்பணியாளர் ஆறு பேரு இருந்தோம். மத்த அஞ்சு பேர் மேல ஏன் விழணும்? என் பேரைப் போடு. முழுப்பேரு."

"அது அச்சுல என்னைக்கும் நிக்கும், பென்த்தி."

"நின்னா நிக்கட்டும்."

மதியத்துக்கு மேல் முதல் புது வட்டம் போட்டார்கள். இடத்தை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விர்வே சொன்னாள். கணினி கொடுத்த எண்படி வடகிழக்கே அறுபத்தேழு மீட்டர். திசைகாட்டியும் நாடாவுமாக நடந்தார்கள். அறுபத்தேழு முடிந்த இடம் தடத்தின் ஓரத்துப் பள்ளம். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறும் சேறும் பாசியும். நாலு எட்டு தள்ளி நல்ல மரங்கள் நின்றன. பென்த்தியின் கால் தன்னையறியாமல் அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. அவரே காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

நடுவில் ஒரு இரும்பு முளையை மண்மட்டத்துக்குக் கீழே போகும்வரை அடித்து, எந்த டிரைவர் கண்ணிலும் படாதபடி மேலே பாசியை இழுத்து மூடினார். தகடு இல்லை. பெயின்ட் இல்லை. பழக்கத்தில் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த சிவப்பு டப்பா அதிலேயே கிடந்தது. எழுந்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். முளை எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

போன் அடித்தது. கலேவி.

"யுர்கியைக் காப்பிக்குக் கூப்பிட்டிருக்கேன்."

"மன்னிப்புக் கேட்டியா?"

"கேக்க மாட்டேன். பெரிய துண்டா கேக் வெட்டி வெப்பேன். அவனுக்குப் புரியும். நீ சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"வேலை கொடுத்திருக்கா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

முதல் மரம் அடிபட்ட ஸ்புரூஸ். துளைப்பானை நெஞ்சு உயரத்தில் வைத்துத் திருகி, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை வெளியே இழுத்தார். பட்டையிலிருந்து உள்ளே நகத்தால் எண்ணிக்கொண்டு போனார். இருபத்திரண்டு வளையம் முடி மாதிரி நெருக்கமாக. அதற்கு உள்ளே, இயந்திரம் வருவதற்கு முந்தைய வருஷங்கள், விரிந்து அகலமாக.

"பதினேழு புள்ளி நாலு" என்று பருமனைச் சொன்னார். விர்வே எழுதினாள்.

வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாகத்தான் அளக்க வேண்டும். இரண்டாம் மரம், மூன்றாம் மரம். பிறகு தடம் வந்தது. பென்த்தி அதற்குள் இறங்கினார். தண்ணீர் கணுக்கால்வரைக்கும் ஏறியது. பள்ளத்தின் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இங்க மரம் இல்ல" என்றார்.

"எழுதிட்டேன்" என்றாள் விர்வே. "அடுத்தது?"